நிமாலிங் மேட்டு வளைகள்

மண்ணில் ஒரு துளை தெரிந்தால் கையை விடாதே. உள்ளே இருப்பது யாரென்று தெரியும்வரை தள்ளி நின்று பார். மேல்மலையனூர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. அங்காளம்மன் கோயிலுக்குள் புற்று இருக்கிறது. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் பல்லாயிரம் பேர் அந்தப் புற்றைக் கும்பிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். மண்ணுக்குள் ஓர் உயிர் குடியிருக்கிறது, இது அதன் வாசல், அங்கே நமக்கு வேலை இல்லை என்கிற மரியாதை எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு வருவது.

அந்த மரியாதையோடு கொஞ்சம் படிப்பையும் சேர்த்துக் கொடுத்தவர் ஓர் இருளர் பெரியவர். அறுப்பு முடிந்த நெல் வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் எலி பிடிக்க வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவர் பின்னாலேயே வரப்பில் ஓடுவோம். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அவர் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். “தம்பி, வாசல் மண்ணு ஈரமா கிடந்தா ராத்திரி தோண்டுனது. நூலாம்படை கட்டியிருந்தா உள்ள ஆளில்ல. ஒத்த வாசல் வச்ச வளையே கிடையாது, மறுவாசல் எங்கன்னு பாத்துட்டு அப்புறம் வெட்டு” என்பார். வயல் எலி கதிர்களை இழுத்துச் சேர்த்துவைக்கும் அறையையும், வெள்ளெலி தப்பியோடுவதற்காக மேலே மெல்லிய மண்மூடி போட்டு வைத்திருக்கும் கள்ளவாசலையும் அவர் விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். கையில் ஒரு கருவியும் இல்லாமல் தரையை வாசிக்கிற அந்த வித்தைக்கு இணையான உயிரியல் வகுப்பை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

அந்தப் படிப்பு எனக்குக் கைகொடுத்த இடம், கடல்மட்டத்துக்கு மேல் 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், காங் யாட்சே பனிமுடியின் காலடியில் கிடக்கும் நிமாலிங் என்ற புல்வெளி. அங்கே நான் தேடிப்போனது மார்மோட்.

மார்மோட் அணில் குடும்பத்துப் பிராணி. ஆனால் மரம் ஏறாது; மண்ணைத் தோண்டி வாழும். உலகத்தில் 15 வகை மார்மோட்டுகள் உண்டு. அமெரிக்காவில் பிப்ரவரி 2ஆம் தேதி குளிர்காலம் எப்போது முடியும் என்று ஒரு பிராணியை வளையிலிருந்து வெளியே எடுத்துக் குறி கேட்கிறார்களே, அந்த கிரவுண்ட்ஹாக் இதன் உறவுதான். இந்தியாவில் இரண்டு வகை. திராஸ், சூரு பள்ளத்தாக்குப் பக்கம் செம்பொன் நிறத்தில் நீண்ட வாலோடு இருப்பது ஒன்று. லடாக்கின் மற்றப் பகுதிகளிலும் சிக்கிமின் வடக்கு மேடுகளிலும் இருப்பது இமயமலை மார்மோட். நேபாளத்தில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த பிரயன் ஹாட்ஜ்சன் 1841இல் இதை அறிவியல் உலகத்துக்கு விவரித்து எழுதினார். லடாக்கியர் ‘பியா’ என்பார்கள். கோடை முடிவில் நன்றாகத் தின்று கொழுத்த ஒன்று எட்டு, ஒன்பது கிலோகூட இருக்கும். குட்டை வால், குட்டைக் கால், முதுகில் காய்ந்த புல்லின் பழுப்பு, வயிற்றில் மஞ்சள். 3,500 மீட்டருக்குக் கீழே இது பெரும்பாலும் இறங்குவதில்லை. 5,000 மீட்டருக்கு மேலும் புல் இருக்கிற இடத்தில் குடியிருக்கும். தமிழ்நாட்டின் எந்த மலையிலும் இது கிடையாது. நம்முடைய மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்.

சென்னையிலிருந்து டெல்லி வழியாக லே நகரத்தில் இறங்கும்போதே நாம் 3,500 மீட்டரில் நிற்கிறோம். காலையில் கடற்கரை ஊரில் இட்லி சாப்பிட்ட உடம்பு, மறுநாள் இந்த உயரத்தில் மாடிப்படி ஏறவே திணறும். முதல் இரண்டு நாள் எதுவும் செய்யாமல் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை, உயிர்காக்கும் வேலை. தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் மேலே ஏறக்கூடாது. தணியாவிட்டால் கீழே இறங்கியே ஆகவேண்டும். இதை அலட்சியம் செய்து ராணுவ மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட இளவயதுக்காரர்களைப் பற்றி லேயில் டாக்சி ஓட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு.

நிமாலிங்குக்கு வண்டி போகாது. சிந்து நதியை ஒட்டிப் போய், சன்ஸ்கார் ஆறு அதில் கலக்கும் நிம்முவில் திரும்பி, சிலிங் என்ற ஊரைத் தாண்டி நடை தொடங்குகிறது. சிலிங், செம்புப் பாத்திரம் செய்பவர்களின் ஊர். ஷே அரண்மனையில் பெரிய புத்தர் சிலை செய்ய நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பிறகு ஸ்கியு, மார்க்கா, ஹங்கர், தசுங்சே என்று ஆற்றங்கரையோடு ஊரும் தங்குமிடமும் வருகின்றன. இந்த வழி முழுவதும் 1981இல் அறிவிக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 4,400 சதுர கிலோமீட்டர். பனிச்சிறுத்தைக்குப் பேர்போன காடு. காடு என்று சொன்னேனே தவிர மரம் என்று பார்த்தால் ஆற்றோரத்து வில்லோவும் பாப்லரும்தான். மீதியெல்லாம் கல், கல்லுக்கு இடையே கருகிய புதர், ஊர் வந்தால் பார்லி வயலின் பச்சை.

இரவுகளில் ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்கினேன். பனிச்சிறுத்தை ஆட்டைக் கொன்றால் ஊரே கூடி அதைக் கொல்லப்போன காலம் இங்கே உண்டு. அதைக் காண வருகிறவர்களால் வீட்டுக்கு வருமானம் வரட்டும் என்று 2000களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்த வீட்டுத் தங்கல் முறையை ஹெமிஸ் பூங்காவில் தொடங்கிவைத்தார்கள். நடைமுறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹங்கரில் எனக்குச் சோறும் பருப்பும் போட்ட அம்மாள், விருந்தாளிப் பணத்தில்தான் பிள்ளைகள் லேயில் படிக்கிறார்கள் என்றார். மார்மோட் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் சிரித்துவிட்டார். பனிச்சிறுத்தைக்கு வருவார்கள், ஓநாய்க்கு வருவார்கள், இதற்காகவே ஒருவர் வந்தது அவருக்குப் புதிது. பிறகு பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் ஒன்று சொன்னார்: கோடையில் மேட்டில் பியா நிறைய இருந்தால் கீழே ஆட்டுக்குக் கொஞ்சம் ஆபத்து குறைவு.

ஆராய்ச்சியாளர்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது. பனிச்சிறுத்தையின் முக்கிய உணவு நீல ஆடு எனப்படும் பரால். ஆனால் கோடை மாதங்களில் அது மார்மோட்டையும் நன்றாகவே தின்கிறது. ஓநாய், செந்நரி, பொன்னிறக் கழுகு எல்லாவற்றுக்கும் இது இரை. பழுப்புக் கரடி வளையையே தோண்டி எடுத்துத் தின்னும். மார்மோட் கைவிட்டுப்போன வளையில் நரி குடியேறும். மேட்டில் இருக்கிற ஊனுண்ணிகள் பலவற்றின் பானையில் இந்தப் பிராணியின் பங்கு இருக்கிறது. அதனால்தான் பனிச்சிறுத்தை பற்றி மட்டும் பேசி, மார்மோட்டைக் குழந்தைகளின் வேடிக்கைப் பொருளாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

தசுங்சேயிலிருந்து நிமாலிங் வரை சரியான ஏற்றம். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வழியில் மணிக்கல் அடுக்கிய ஒரு சிறு குளம், அதில் காங் யாட்சேயின் நிழல். அதைத் தாண்டி மேடு சமதளமாக விரிகிறது. வெள்ளாடும் செம்மறியும் யாக்கும் மேயும் கோடை மேய்ச்சல் நிலம், கல்லடுக்கிய பட்டிகள், நடைப்பயணிகளுக்குக் கூடாரங்கள். மேய்ச்சல்காரர்கள் சில மாதம் மட்டும் இங்கே தங்கி, குளிர் தொடங்கும்போது கீழே போய்விடுவார்கள்.

மார்மோட் எங்கே என்று கேட்டால் கூடாரக்காரர் கையை வீசி “எல்லா இடத்திலும்” என்கிறார். உண்மைதான். ஆனால் நடந்துகொண்டே பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் ஓடி மறையும் பின்பக்கம் மட்டுமே. நான் முதலில் பிராணியைத் தேடவில்லை, வளையைத் தேடினேன். ஓடைக்கு மேலே தெற்குப் பார்த்த சரிவு. வெயில் முதலில் விழுகிற இடம், பனி முதலில் கரைகிற இடம். அங்கே புல்லுக்கு நடுவே சின்னச் சின்ன மண்மேடுகள். சில மேடுகளில் புல் முளைத்துப் பழைய மண்ணாக இருந்தது. இரண்டில் மட்டும் கருத்த புதுமண், அதில் கால்நகம் கீறிய கோடு, வாசலோரத்தில் புழுக்கை. ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்குப் புல் மிதிபட்டு ஒற்றையடிப்பாதை போட்டிருந்தது. அந்தப் பாதையைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து ஐந்து வாசல் எண்ணினேன். அதில் ஒன்று பெரிய பாறைக்கு அடியில். அதுதான் பெரிய வீடாக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து, ஓடைக்கு இந்தப் பக்கம், காற்று என் மேல் பட்டு அந்தப் பக்கம் போகாத மாதிரி ஓரிடம் பார்த்து உட்கார்ந்தேன்.

உட்காருவதுதான் முக்கால் வேலை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், கையை ஆட்டாமல், எழுந்து நிற்காமல் இருக்கவேண்டும். வெகுநேரம் கல்லும் புல்லும்தான். பிறகு பாறைக்கு அடியில் நிழல் கொஞ்சம் கனத்தது. இரண்டு கண், தட்டையான தலை. அப்படியே, அசையாமல், அரைத்தலை மட்டும் வெளியே. நான் அதைப் பார்ப்பதைவிட அதிக நேரம் அது என்னைப் பார்த்தது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும் உடம்பை வெளியே இழுத்துப் பாறைமேல் ஏறி, பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களை மார்பில் வைத்துக்கொண்டு நின்றது. களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் நிற்கும் பெரியவரின் நிற்பு அது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று நேராக ஓடைக்கரைப் புல்லுக்கு இறங்கி மேயத் தொடங்கியது. வேறு இரண்டு எதிரெதிரே வந்து மூக்கோடு மூக்கு உரசின. ஒரே குடும்பம் என்று வாசனையால் உறுதிசெய்துகொள்ளும் முறை அது. அந்த வருடத்துக் குட்டிகள் இரண்டு நிமிர்ந்து நின்று ஒன்றையொன்று மார்பில் தள்ளி மல்லுக்கட்டி, சரிவில் உருண்டு, மறுபடியும் ஏறிவந்து தள்ளின. ஈன்ற குட்டிகள் முதல் சில வாரம் வளைக்குள்ளேயே பால் குடித்து வளர்ந்து, கோடை நடுவில்தான் வெளியுலகத்தைப் பார்க்கும். இவை வெயிலுக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. காவல் நின்றது மட்டும் புல்லில் வாய் வைக்கவே இல்லை.

அப்போது சீழ்க்கை. கூர்மையாக, ஒற்றையாக, மேடு முழுவதும் கேட்கிற மாதிரி. அடுத்த நொடி சரிவில் ஒன்றுகூட இல்லை. மேலே அண்ணாந்தால் கழுகு ஒன்று பனிமுகட்டைவிட்டு விலகி வந்துகொண்டிருந்தது. கழுகு போன பிறகும் வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. பிறகு அதே அரைத்தலை, அதே பாறையடி. இந்த மேட்டில் மற்றப் பிராணிகளும் அந்தச் சத்தத்தைக் கேட்கின்றன, மேய்ச்சல்காரர்களும் கேட்கிறார்கள். மார்மோட் கத்தினால் நாயை அவிழ்த்துவிட்டு மந்தையைச் சுற்றிப் பார்ப்பேன் என்று ஒரு மேய்ச்சல்காரர் சொன்னார்.

காலையிலும் பிற்பகல் சாய்ந்த பிறகும்தான் இவை நன்றாக வெளியே இருக்கின்றன. நடுப்பகலில் காற்று கிளம்பியதும் உள்ளே போய்விடும். ஆகவே அங்கே ஒருநாள் கூடுதலாகத் தங்க முடிந்தவர்களுக்கே இந்தக் காட்சி கிடைக்கும். பெரும்பாலான நடைக்குழுக்கள் மதியத்துக்குமேல் நிமாலிங் வந்து, விடியுமுன் கிளம்பி 5,200 மீட்டருக்கு மேலிருக்கும் கோங்மாரு கணவாயைத் தாண்டிப் போய்விடுகின்றன. கணவாயில் கொடிக்கயிற்றுக்குக் கீழே படம் எடுத்துக்கொள்வதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்காக இந்தச் சரிவை இழப்பது பெரிய நஷ்டம்.

இந்தப் பிராணியின் வாழ்க்கையில் நாம் பார்க்க முடியாத பாதிதான் உண்மையில் வியப்புக்குரியது. அக்டோபர் வந்தால் குடும்பம் மொத்தமும் ஆழமான வளைக்குள் இறங்கி, மண்ணாலும் கல்லாலும் புல்லாலும் வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வசந்தம் வரை, ஏறத்தாழ அரை வருடம், சோறு தண்ணி கிடையாது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு நூறுமுறைக்கு மேல் துடிக்கும் மார்மோட் இதயம் அந்த உறக்கத்தில் ஐந்தாறு துடிப்புக்கு இறங்கிவிடும். உடம்புச் சூடு சுற்றியிருக்கும் மண்ணின் குளிர் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பைச் சூடாக்கி விழித்து, மறுபடி உறங்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பெரியவற்றின் சூட்டில் குட்டிகள் பிழைக்கின்றன. ஆல்ப்ஸ் மலை மார்மோட்டுகளை ஆராய்ந்தவர்கள், பெரியவை அதிகமாக உள்ள குடும்பத்தில் குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டுவது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். எழும்போது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரைந்திருக்கும்.

லடாக்கின் ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் இதே குளிருக்குப் பயந்து இமயத்தையே தாண்டிப் பறந்து, சில நம்முடைய திருநெல்வேலி கூந்தன்குளம் வரை வந்துவிடுகின்றன. சிறகில்லாத மார்மோட்டுக்கு அந்த வழி இல்லை. அது கோடையில் தின்ற புல்லை மட்டும் நம்பி மண்ணுக்குள் போகிறது. அந்தப் புல்லில் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்கால உறக்கம் கொள்ளும் பிராணிகளுக்கு ஏதோ ஒரு கொழுப்பு இருந்தால் போதாது. கடுங்குளிரிலும் இறுகிப்போகாமல் இருக்கும் வகைக் கொழுப்பு வேண்டும். அது புல்லிலும் விதையிலும் பச்சைத் தழையிலும் இருந்து கிடைப்பது. தீனியில் அந்தக் கொழுப்பு போதுமான அளவு இருந்தால் உறக்கம் ஆழமாகவும் நீளமாகவும் அமைகிறது என்பதை மார்மோட்டிலும் தரையணிலிலும் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வாருங்கள்.

அதற்கு முன்னால் தங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இந்தியாவின் மிகப் பழைய மார்மோட் கதையாக இருக்கக்கூடும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்தியாவின் வடக்கே ஒரு மணல்வெளியில் நரியைவிடப் பெரிய, நாயைவிடச் சிறிய எறும்புகள் வளை தோண்டுகின்றன என்றும், அவை வெளியே தள்ளும் மண்ணில் தங்கத்தூள் இருக்கிறது என்றும் எழுதினார். மகாபாரதத்தின் சபாபருவத்திலும் வடக்கு மலைநாட்டார் தருமனுக்குக் கப்பமாக எறும்பு தோண்டிய பொன்னைக் கொண்டுவருகிறார்கள். இரண்டாயிரம் வருடம் இதைக் கட்டுக்கதை என்றே படித்தார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் மிஷேல் பெய்ஸல், லடாக்கின் தா-ஹனு பகுதியில் வாழும் மினாரோ மக்களிடையே தங்கிக் கேட்டு, 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய டன்சர் மேட்டில் மார்மோட் வெளியே தள்ளும் மண்ணைத் தங்கள் முன்னோர் அள்ளித் தங்கத்தூள் சலித்தெடுத்தார்கள் என்பது அவர்கள் சொன்ன செய்தி. எல்லா அறிஞர்களும் பெய்ஸலை ஏற்கவில்லை. எனக்கு அவர் சொல்வது நம்பும்படியே இருக்கிறது. ஆழத்து மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டும் பிராணியை, அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கும் மக்களை, எங்கள் வயல்வெளியிலேயே நான் பார்த்திருக்கிறேன். இருளர் பெரியவர் எலி வளையிலிருந்து எடுத்த நெல் அவர் வீட்டு அடுப்பில் வெந்தது.

இப்போது பாங்காங் ஏரிச் சாலை. 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சி அந்த ஏரிக்கரையில் எடுக்கப்பட்டது. அதன் பிறகு நாடு முழுவதும் அங்கே கிளம்பிவிட்டது. நம் ஊர்ப் பையன்களுக்கும் பாங்காங் கனவாகிவிட்டது. லேயிலிருந்து சாங் லா கணவாயைத் தாண்டி, தாங்சே ஊரைக் கடந்து ஏரிக்கு இறங்கும் வழியில் சாலையோரப் புல்வெளி ஒன்று இருக்கிறது. அங்கே மார்மோட் இருப்பது ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரியும். உணவு தராதீர்கள் என்று அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. பலகைக்கு அடியிலேயே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் பிஸ்கட்டை நீட்ட, மார்மோட் பின்னங்காலில் நிமிர்ந்து இரண்டு கையாலும் வாங்க, இன்னொருவர் அதைக் கைபேசியில் பிடிக்கிறார்.

நிமாலிங்கில் அரைத்தலையை நீட்டி என்னை அளந்துபார்த்த அதே பிராணி. இங்கே வண்டிச் சத்தம் கேட்டாலே வளையைவிட்டு ஓடிவருகிறது. காவல் நிற்க ஒன்றும் இல்லை. சீழ்க்கை இல்லை. அந்த அமைதிதான் என்னை மிகவும் வருத்தியது.

கூட்டத்தில் தமிழ் கேட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த பையன்கள், திண்டிவனம் பக்கம். ஒருவன் கையில் சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட். தம்பி, குடுக்காதப்பா என்றேன்.

“பாவம்ணா, பசியா இருக்கும்.”

“சுத்தி இவ்ளோ புல்லு இருக்கே, பசி எங்கேருந்து வரும்?”

“வீடியோல எல்லாரும் குடுக்குறாங்களேண்ணா. ஒரு பிஸ்கட்டுல என்ன ஆயிடப்போவுது?”

உன் ஒரு பிஸ்கட் இல்லப்பா, உனக்கு முன்னாடி நின்ன வண்டி, பின்னாடி வர்ற வண்டி, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எத்தனைன்னு பாரு என்றேன். அரை வருட உறக்கத்தைப் பற்றிச் சொன்னேன். மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் தின்று வயிறு நிரம்பினால் புல்லை மேயாது. புல் தருகிற கொழுப்பு இல்லாமல் அது அக்டோபரில் மண்ணுக்குள் போகவேண்டும். ஏப்ரலில் எழுந்ததா இல்லையா என்று பார்க்க அப்போது இங்கே எந்தச் சுற்றுலாக்காரரும் இருக்கமாட்டார். அவர்களில் இருவர் கேட்டுக்கொண்டார்கள். பிஸ்கட் வைத்திருந்தவன் கொடுத்துவிட்டே போனான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்பினால்தான் கொடுக்கிறான். ஆனால் மனிதரைக் கண்டால் பயமில்லாமல் போன மார்மோட்டுக்கு நாயைக் கண்டாலும் சுதாரிப்பு குறைகிறது. லடாக்கில் தெருநாய்கள் பெருகிவிட்டன. முகாம்களிலும் விடுதிகளிலும் கொட்டும் மிச்சத்தில் வளர்ந்து, குளிர்காலத்தில் பசியோடு மேட்டில் அலைகின்றன. கருங்கழுத்துக் கொக்கின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன, மார்மோட்டையும் பிடிக்கின்றன. சாலையோரத்துக்கு ஓடிவரப் பழகிய பிராணி சக்கரத்திலும் சிக்கும்.

நமக்கும் இதில் ஆபத்து உண்டு. 1910–11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் மார்மோட் தோலுக்கு விலை ஏறியபோது, அனுபவமில்லாத வேட்டைக்காரர்கள் நோயுற்ற மார்மோட்டுகளையும் பிடித்தார்கள். அதிலிருந்து மனிதருக்குப் பரவிய நுரையீரல் பிளேக் சுமார் 60,000 பேரைக் கொன்றது. அதைக் கட்டுப்படுத்தியவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே. துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர்களுக்குக் கட்டாயமாக்கியவர் அவர். திபெத் பீடபூமியில் இமயமலை மார்மோட்டிடமும் அந்தக் கிருமி இருப்பது பதிவாகியிருக்கிறது. லடாக்கில் பீதி அடையவேண்டிய நிலை என்று நான் சொல்லவரவில்லை. காட்டுப் பிராணியின் வாய்க்கு விரலை நீட்டுவதும், அதன் ரோமத்தைத் தடவுவதும், அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதும் யாருக்கும் நல்லதில்லை என்றே சொல்கிறேன்.

கொடுத்துப் பழக்குவதன் விளைவைப் பார்க்க நாம் லடாக் வரை போகவேண்டியதும் இல்லை. செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அது. அங்கே குரங்குகள் பையைப் பறிக்கின்றன, குழந்தைகளை விரட்டுகின்றன. மலையில் காயும் தளிரும் தின்று வாழ்ந்த கூட்டத்தைப் படிக்கட்டுக்கு இறக்கியது வாழைப்பழமும் சிப்ஸும் கொடுத்த நம் கைதான். பிறகு நாமே தொல்லை என்று புகார் எழுதுகிறோம். மார்மோட் பறிக்காது, கடித்து விரட்டாது. சத்தம்போடாமல் செத்துப்போகும், அவ்வளவுதான் வேறுபாடு.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கும் பிராணி இது. சட்டத்தைக் காட்டி ஒவ்வொரு வண்டியையும் நிறுத்த ஆள் போட முடியாது. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்யும் ஓட்டுநர்களால் முடியும். குழுவாக அழைத்துப்போகும் நம் ஊர்ப் பயண ஏற்பாட்டாளர்கள் கிளம்பும்முன் இரண்டு நிமிடம் பேசினால் முடியும். பிஸ்கட் கொடுக்கும் வீடியோவைப் போடாமல் இருந்தால், போட்டதை நீக்கினால், அதைப் பார்த்து வரும் அடுத்த பத்துப் பேர் குறைவார்கள்.

லடாக் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போங்கள். தொலைநோக்கி ஒன்று எடுத்துச்செல்லுங்கள், எட்டு மடங்கு போதும். வண்டியை நிறுத்தினால் சாலையிலேயே நில்லுங்கள். வளைக்கும் பிராணிக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். அது மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தால் நீங்கள் இருக்கவேண்டிய தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், பின்னால் வாருங்கள். உடம்பும் நாளும் இடம்கொடுத்தால் பாங்காங் சாலையோரத்தில் நிற்காமல் நிமாலிங்குக்கு நடந்துபோய் ஒரு காலை முழுவதும் ஓடைக்கரையில் உட்காருங்கள். எங்கே போனாலும் தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். உடன் வருகிற பிள்ளைகள் கேட்டால், இது அரை வருடம் உறங்கப் போகிறது, அதற்குப் புல்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும்.